மேலாறு, கீழாறு

வில்லியம் பிரைட் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு தமிழ் விஷயத்துக்காகத்தான். ஏ.கே. ராமானுஜனோடு சேர்ந்து அவர் எழுதி 1964இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பேச்சுத்தமிழ் சாதிக்குச் சாதி எப்படி மாறுகிறது என்பதை ஆராய்கிறது. இந்த மனிதர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று தேடப்போய், கலிபோர்னியாவின் வட கோடியில், கிளாமத் ஆற்றங்கரையில் வந்து நின்றேன்.

1949இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக அவர் அங்கே போனார். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் கருக் பழங்குடியினர். நெருங்கிய உறவென்று உறுதியாகச் சொல்ல வேறொரு மொழி இல்லாத மொழி அவர்களுடையது. தங்க வேட்டைக்காரர்கள் 1850க்குப் பிறகு அந்த ஆற்றுக்குள் நுழைந்தார்கள். ஊர்கள் எரிந்தன. பின்னாளில் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அப்படிப்பட்ட மொழியைக் கேட்டு ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்து நிற்கிறான். அங்கிருந்த பெரியவர்கள் அவனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: உஹ்யனபதன்வானிச்.

பிரித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் ‘சொல்’ அல்லது ‘பேச்சு’. அடுத்து ‘கேட்பது’. அதன் பின் ‘ஆன்’, அந்தச் செயலைச் செய்பவர். கடைசியில் ‘இச்’, செல்லமாகச் சிறுக்க வைக்கும் விகுதி. ஆக, ‘சொல் கேட்கிற குட்டிப்பயல்’. கேலியும் பாசமும் ஒரே சொல்லில். அவர்களுடைய கதைகளில் ஊரையே ஏமாற்றித் தானும் ஏமாறுகிற கயோட்டி என்ற விலங்குக்கும் பிஹ்னேஃபிச் என்று அதே ‘இச்’ ஒட்டிய பெயர்தான்.

‘ஆன்’ என்று பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. தமிழிலும் செய்பவனுக்கு ஆன்தானே? ஒரு நிமிடம் கருக் மக்களை ஆதித்தமிழர் ஆக்கிவிட்டேன். நம்மில் பலருக்கு இருக்கிற வியாதி இது. தற்செயலாக ஒத்துப்போன ஓர் ஒலி உறவுக்குச் சாட்சியாகாது. நம்மோடு இணைத்துப் பார்க்கிற அவசரத்தில், அந்தச் சொல் தன் ஊரில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமலேயே விட்டிருப்பேன்.

அது என்ன வேலை? ‘கருக்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அது இனத்தின் பெயராவதற்கு முன்பே ஒரு திசை. ‘ஆற்றின் மேல்பக்கம்’ என்று பொருள். அதற்கு மூன்று உடன்பிறப்புகள் உண்டு. ‘யுருக்’ ஆற்றின் கீழ்ப்பக்கம். ‘மருக்’ ஆற்றை விட்டு விலகி மலையேறும் பக்கம். ‘சருக்’ மலையிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் பக்கம். கிழக்கு மேற்கு பார்க்க வேண்டியதில்லை. ஆறு வளைந்தால் திசையும் கூடவே வளையும். கீழாற்றில் வாழும் யூரோக் மக்களை உலகம் அழைக்கும் பெயர்கூட, இவர்கள் சொன்ன ‘யுருக்’கிலிருந்து வந்ததுதான்.

இதோடு முடியவில்லை. ஆறு வினைச்சொல்லுக்குள்ளும் ஓடுகிறது. எறிவதற்கு ‘பத்’. மேலாற்றுப் பக்கம் எறிந்தால் ‘பத்ரூவ்’. கீழாற்றுப் பக்கம், மேட்டை நோக்கி, ஆற்றைத் தாண்டி, நெருப்புக்குள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகுதி வந்து வேரோடு ஒட்டிக்கொள்ளும். பணம் தேடிக் கயோட்டி மேலாற்றுக்குப் புறப்படுகிற ஒரு கதை உண்டு. கதைசொல்லி இடத்தைத் தனியாக வருணிக்க வேண்டியதே இல்லை. அவன் ஏறுகிறானா, மிதந்து இறங்குகிறானா என்பதை வினையே சொல்லிவிடும். கேட்பவருக்கும் ஆறு தெரியும்.

இதைப் படித்த பிறகுதான் என் பாட்டி ஞாபகம் வந்தது. “மேட்டு லயத்துக்குப் போயிட்டு வரேன்” என்பார். தோட்டத்தில் அவருக்குத் திசை என்றால் மேடும் பள்ளமும்தான். தமிழிலும் ‘மேற்கு’ மேலிலிருந்தும் ‘கிழக்கு’ கீழிலிருந்தும் வந்தவை. மலைத்தொடர் மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள நிலத்தில் உருவான சொற்கள். அவற்றைக் கப்பலேற்றி மலாயாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தோம். இங்கே கிழக்கில் தித்திவங்சா மலை, மேற்கில் கடல். மேடு கிழக்காகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. சொல் பிழைத்தது, அதற்குள் இருந்த நிலம் உதிர்ந்துவிட்டது. ஹுலு சிலாங்கூர், ஹிலிர் பேராக் என்று மலாய்க்காரர்கள் ஆற்றை வைத்து இட்ட பெயர்களை முகவரியில் எழுதுகிறோம். ஹுலு என்றால் மேலாறு என்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

கருக் மக்கள் கப்பலேறவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது வேறு. 20ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு மேலே ஆற்றை அணைகள் மறித்தன. மேலாறு என்ற சொல் இருந்தது, ஆனால் சால்மன் மீன் அந்தத் திசையில் பாதி வழிதான் போக முடிந்தது. 2002இல் கீழாற்றில் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. கருக், யூரோக் உள்ளிட்ட ஆற்று மக்கள் அணைகளை அகற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

மொழிக்காகவும் வேலை நடந்தது. 1957இல் பிரைட்டின் கருக் இலக்கணம் வந்தது. நெட்டி ரூபன், ஜூலியா ஸ்டாரிட், மேமி ஆஃபீல்ட் போன்ற பெண்கள் சொன்ன கதைகள் இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை. 2005இல், கருக் இனத்தவரான சூசன் கெர் என்ற மொழியியலாளரோடு சேர்ந்து பிரைட் அகராதி கொண்டுவந்தார். மறு ஆண்டு அவர் இறந்தார். அதற்கு முன்பே இனத்தார் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். குட்டிப்பயல் அவர்கள் வீட்டுப் பிள்ளையானான்.

2024இல் 4 அணைகளும் முழுதாக அகற்றப்பட்டன. சில வாரங்களிலேயே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போகாத இடத்துக்குச் சால்மன்கள் நீந்திப் போயிருந்தன. அவை போன திசைக்குக் கருக் மொழியில் புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.