காணாமல் ஆக்குதல் என்னும் குற்றம்

ஒருவரைச் சிறைப்பிடித்துப் பின் அறியோம் என்று மறுத்தல் பழங்கொடுமையே. எனினும், அதனை எழுத்தில் வகுத்த ஆணையொன்று 1941 திசம்பர் 7-இல் செருமனியிற் பிறந்தது. இட்லரின் விருப்பப்படி படைத்தலைமையகத் தலைவர் கைட்டல் பிறப்பித்த அதற்கு ‘இரவும் மூடுபனியும்’ என்பது பெயர். கைப்பற்றப்பட்ட நாடுகளில் எதிர்ப்புச்செயல் புரிந்தோருள் விரைவில் மரணதண்டனை விதிக்க இயலாதவரைச் செருமனிக்கு மறைவாகக் கொண்டுசெல்லுதல் வேண்டும். உறவினர் வினவினும் விடை கூறலாகாது. ஊழி அறியாமையே மக்களை அச்சுறுத்தும் என்பது கைட்டல் கூறிய காரணம். ஆகவே, சிறைப்பட்டாரினும் வீட்டிலிருந்தாரே அவ்வாணையின் இலக்கு என்க.

நூரம்பெர்க்கு நீதிமன்றம் 1946-இல் அவரைத் தண்டித்தது; ஆயினும், போர்க்குற்றமாகவே இதனைக் கொண்டது. அமைதிக்காலத்தில் தன் குடிகளையே ஓர் அரசு மறைத்தால் அதற்குப் பெயரில்லை.

1981 செப்டம்பர் 12-இல் ஒண்டுராசின் தெகுசிகல்பா நகரில் வெலாசுக்கெசு என்னும் மாணவர் கொண்டுசெல்லப்பட்டார். அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 1988 சூலை 29-இல் தீர்ப்பளித்தது. ஏழாண்டுகள் செய்தியின்மையால் அவர் இறந்திருத்தல் வேண்டும் என அது உய்த்துணர்ந்தது. உரிமைகளை உறுதிசெய்யும் கடமையினின்றே, புலனாய்ந்து தண்டிக்கும் கடமையையும் வருவித்தது. இவ்வாராய்ச்சியில் இதுவே தலையாய திருப்பம் என்று கருதுகிறோம்.

கொலையும் ஆட்கடத்தலும் குற்றங்களாய் இருக்கத் தனிக்குற்றம் எற்றுக்கு எனின், கூறுதும். உடல் கிடையாதவழிக் கொலையை மெய்ப்பித்தல் அரிது. கடத்தற்குற்றமோ, மறுத்துரைக்கும் அலுவலரை எட்டாது. ஆதலின், 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 2010-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, தன் நான்காம் பிரிவில், இதனைக் குற்றவியற் சட்டத்தில் குற்றமாக்கும் கடமையை உறுப்பரசுகள்மேற் சுமத்தியது. தொடர்குற்றமாதலின், அது முடிந்த நாளிலிருந்தே காலவரையறை எண்ணப்படும் என்பது எட்டாம் பிரிவு.

தமிழ் வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. ‘காணாமற் போதல்’ என்பதில் செய்தவன் இல்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘காணாமல் ஆக்கப்படுதல்’ செயப்பாட்டுவினை. கருத்தா சொல்லப்படாவிடினும் அவன் உளன். இலங்கை 2016-இல் உடன்படிக்கையை ஏற்று, 2018-இல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்திற்கு முன் தொடங்கி இன்றும் முடிவறியாதவற்றைத் தொடர்குற்றக் கொள்கை எத்துணைத் தழுவும் என்பதே இனி ஆராயற்பாலது.