தேம்ஸ் நதியில் ஒரு கம்பி

ஓடும் ஜலத்தின் வேகத்தை அறிய, 1732-இல் ஆன்ரி பித்தோ என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் வளைந்த குழாயொன்றை இறக்கி, ஓட்டத்தை எதிர்நோக்கிய வாய் வழியே நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறதென்று பார்த்தார். ஆழம் கூடக்கூட வேகமும் கூடுமென்ற பழைய கொள்கை அப்போதே ஆட்டங்கண்டது.

நூறு ஆண்டுகள் கழித்து, 1832 ஜனவரியில், மைக்கேல் பாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக 960 அடிச் செப்புக் கம்பியை விரித்து, அதிலிருந்து பெரிய உலோகத் தகடுகளைத் தேம்ஸ் ஆற்றுக்குள் தொங்கவிட்டார். வேகத்தை அளப்பதன்று அவர் நோக்கம். பூமியின் காந்த சக்தியைக் குறுக்கே கடந்து பாயும் பிரவாகத்தில் மின்சாரம் பிறக்குமா என்பதே கேள்வி. மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அசையத்தான் செய்தது. ஆனால் இரு கரைகளிலும் நீரின் சுத்தமும் உஷ்ணமும் வேறுபட்டதும், தகடுகளிலும் பற்றவைப்பிலும் இருந்த சிறு பேதங்களும் சேர்ந்து அந்த அசைவை நம்பத் தகாததாக்கிவிட்டன. மூன்று நாள் பிரயத்தனம் வீணாயிற்று. கொள்கையில் பிழையில்லை, ஆறுதான் ஒத்துழைக்கவில்லை என்பேன்.

தண்ணீரைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் உருகிய சோடியத்தில் அதே தத்துவம் பிற்காலத்தில் அநாயாசமாகப் பலித்தது. ஈரம் பட்டால் தீப்பற்றும் அந்தத் திரவத்தைத் தொடாமலே, எஃகுக் குழாய்க்கு வெளியே நிரந்தரக் காந்தமொன்றைப் பொருத்தி, குழாயின் இரு பக்கங்களிலும் பற்றவைத்த கம்பிகளில் வேகத்துக்கேற்ப எழும் மில்லிவோல்ட்டைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறார்கள். கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய, உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படும் சோதனை அணு ஈனுலையிலும் இவ்வகை அளவிகள் உண்டு. உஷ்ணத்தாலும் வயதாலும் காந்தம் சிறுகச் சிறுக வலுவிழப்பதால் அளவியை அவ்வப்போது சரிபார்க்க நேர்வதே இதிலுள்ள தொல்லை.