அஞ்சுவண்ணம் என்னும் பெயர்

பத்மநாபபுரம் கோட்டைக்கு அணித்தே தக்கலையில், பீர்முகம்மது அப்பாவின் தர்காவைச் சூழ்ந்த பகுதிக்கு அஞ்சுவண்ணம் என்று பெயர். தர்காவைப் பேணிவரும் அஞ்சுவண்ணம் பீர்முகம்மதியா அசோசியேஷனும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஐந்து வண்ணம் என்றும், ஐவகைத் தொழிலாளர் என்றும் இதற்குப் பொருள் சொல்வார் உளர். செப்பேடுகளும் கல்வெட்டுகளும் காட்டும் பொருள் வேறு.

கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு, அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் அப்பள்ளிக்குக் காவலாக நிறுத்துகிறது. அதன் சாட்சியர் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். கிறித்துவப் பள்ளி ஒன்றிற்கு இஸ்லாமியரும் யூதரும் பாரசீகரும் கரி கூறி நின்ற ஓலம் அது. கி.பி. 1000-இல் பாஸ்கர ரவி யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமையை அளித்தான். 1269-ஆம் ஆண்டின் தீத்தாண்டதானபுரம் கல்வெட்டிலும் இக்குழு இடம்பெறுகிறது. மேலைக் கடலோடி வந்த வணிகரின் குழுமமே அஞ்சுவண்ணம் என்றும், பிற்காலத்தில் அது பெரிதும் முஸ்லிம் வணிகரைக் குறித்தது என்றும் எ. சுப்பராயலு நிறுவியுள்ளார். அவை என்னும் பொருளுடைய ‘அஞ்சுமன்’ என்ற பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். உலகமயம் என்பது நேற்றுப் பிறந்த சொல்லாக இருக்கலாம். பொருள் இக்கரைக்குப் பழையது.

அரசுகள் வலுத்தபோது இத்தகைய குழுக்கள் தளர்ந்தன. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்ட வர்மா மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினான். வணிகக் குழு மறைந்தது. பெயர் தக்கலையில் எஞ்சிற்று.

அப்பெயரோடு இணைந்தது ஒரு நெசவாளரின் பாட்டு. பதினேழாம் நூற்றாண்டினரான பீர்முகம்மது அப்பா தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்தவர் என்பது மரபு. ஞானப்புகழ்ச்சி, ஞானமலைவளம், ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி எனப் பல நூல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. குறமும் குறவஞ்சியும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவங்கள். அவற்றில் உரைக்கப்படும் பொருளோ பாக்தாதும் பாரசீகமும் கடந்து வந்த சூபி மெய்ஞ்ஞானம். வெளியிலிருந்து வந்ததற்கு இவ்வூர் அளித்த விடைகளுள் இதனினும் அழகியதொன்றைக் காட்டுதல் அரிது.

அடுத்த அலை அச்சின் வழி வந்தது. 1905-இல் ‘சுதேசாபிமானி’யைத் தொடங்கிய வக்கம் அப்துல் காதர் மௌலவி, கெய்ரோவின் ‘அல்மனார்’ இதழை வாசித்துத் திருவிதாங்கூர் முஸ்லிம்களிடையே சீர்திருத்தம் பேசினார். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாப் பயணம் பெருகிற்று. பணத்தோடு மார்க்க விளக்கங்களும் வந்தன. தர்கா வழிபாடு மார்க்கத்திற்குப் புறம்பானது என்னும் குரல், எண்பதுகளின் பிற்பகுதி முதல் தமிழகத்தில் ஓங்கியது. 1995-இல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும், 2004-இல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தும் தோன்றின. உரிமை கோரலும் இரத்த தானமும் ஒருபுறம், மரபின் மீதான வழக்கு மறுபுறம் என இக்காலத்து அமைப்புகளின் பணி கலந்தே கிடக்கிறது; இரண்டில் ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்புரைப்பது முறையன்று.

பழைய அமைப்புகளைக் குற்றமற்றவை எனக் கொள்வதற்கும் இடமில்லை. தக்கலையின் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், ‘மைலாஞ்சி’ தொகுப்புக்காகக் கண்டனத்திற்கு ஆளானார். 2007-இல் கட்டுரை ஒன்றன் பொருட்டு உள்ளூர் ஜமாஅத்து அவரை ஊர்விலக்கம் செய்தது. பீர்முகம்மது அப்பாவையும் சூபி மரபையும் விடாது எழுதிவந்த ஒருவரை, அப்பாவின் ஊரே விலக்கியது! 2017-இல் அவர் மறைந்தார்.

ஆண்டுதோறும் ரஜப் மாதம் பதினான்காம் இரவில் தர்காவில் ஞானப்புகழ்ச்சி பாடப்படுகிறது. தனிப் புலவர் எவரும் அரங்கேறுவதில்லை. ஊர் மக்களே கூடி அமர்ந்து, ஒரு குரல் ஓய மறு குரல் ஏந்த, விடியும்வரை பாடுகின்றனர்.