கவுன்சலிங் படிப்பு வந்த வழி

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த நம் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் சிலர், "மேல என்ன படிக்கலாம் தாத்தா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். சிப்காட்டில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எம்.எஸ்சி. கவுன்சலிங், கிளினிக்கல், எம்.எஸ்.டபிள்யூ. எல்லாம் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் அவை பிறந்த இடங்கள் வேறு வேறு.

கவுன்சலிங் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல. 1908ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு வழிகாட்ட ஓர் அலுவலகம் திறந்தார். உனக்கு என்ன வரும், அந்த வேலைக்கு என்ன வேண்டும், இரண்டும் பொருந்துமா என்பதுதான் அங்கே பேச்சு. அந்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். 1942ல் வந்த கார்ல் ரோஜர்ஸின் புத்தகம், புத்திமதி சொல்வதை விட்டுக் காது கொடுத்துக் கேட்பதை முன்னே வைத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையும் வேண்டியிருந்தது, மனசுக்குத் தெம்பும் வேண்டியிருந்தது. அதன் பிறகே அது தனித்துறையாக நிலைத்தது.

நம் நாட்டில் உளவியல் முதலில் பல்கலைக்கழகப் பாடமாகத்தான் வந்தது. கல்கத்தாவில் 1916, சென்னையில் 1943. ஆஸ்பத்திரி சார்ந்த பயிற்சிக்கு 1954ல் பெங்களூரில் ஒரு நிறுவனம் வந்தது. அதுதான் பின்னால் நிமான்ஸ் ஆனது.

எங்கள் வழி தொழிற்சாலை வழி. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். சம்பளப் பிடித்தம் என்று ஆரம்பித்து வீட்டுச் சண்டையில் போய் நிற்கும் பேச்சுகளை நாங்கள் தினமும் கேட்டோம். அதற்குக் கவுன்சலிங் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இன்று அதே பள்ளியில் கவுன்சலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. இருக்கிறது.

சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. 1992ம் வருஷத்து மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குப் பதிவு உண்டு. அதற்கு எம்.எஸ்சி. போதாது, மேற்கொண்டு இரண்டு வருஷ எம்.ஃபில். என்பதுதான் வழக்கமான பாதையாக இருந்தது. கவுன்சலர்கள் 2021ம் வருஷத்துத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் வரும்வரை வெளியேதான் நின்றார்கள். அந்தச் சட்டத்தைக் காட்டியே யு.ஜி.சி., 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தபால் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்தியது. ஆளோடு ஆள் உட்கார்ந்து பழகாமல் இதைக் கற்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்த பிள்ளைகளுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது. ரெகுலர் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் காலை மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். வேலையை விட வேண்டும்.

அதனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். எத்தனை மணி நேரம் நேரில் ஆட்களோடு பேசப் பயிற்சி, பக்கத்தில் இருந்து திருத்தப்போவது யார், எந்த இடத்துக்கு அனுப்புவார்கள் என்று சேருமுன் கேளுங்கள். இன்னொன்று, பயிற்சி எந்த மொழியில்? ஆரம்பாக்கம் தாண்டினால் தெலுங்கு. சிப்காட் லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும். அந்தப் பையன்கள் மனசு விட்டுப் பேச இங்கிலீஷ் பாடப்புத்தகம் உதவாது.