வசவும் விளையாட்டும்

2006-இல் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கச்சிராயப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையன்களுக்கு இன்டர்நெட் வேண்டாம், 'வைஸ் சிட்டி' போதும். 2002-இல் வந்த கேம். கதை நடப்பது 1986-இல். நாயகன் டாமிக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகர் ரே லியோட்டா. அதில் தெருவில் போகிறவனை இடித்தால் திட்டுவான். எங்களுக்கு அதுதான் புதுசு. மரியோ ஆமையில் முட்டிச் செத்தாலும் ஒரு வசவு வராது. நம்மூர் பஸ் ஸ்டாண்டில் தோளில் இடித்துவிட்டுச் சும்மா போய்விட முடியுமா? இங்கிலீஷில் தேறாதவன்கூட அந்த வசவுகளைப் பிசிறில்லாமல் சொன்னான். ஓனர் தலை தெரிந்தால் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன்.

பிறகு பப்ஜி வந்தது. அங்கே திட்டியது பொம்மைகள் அல்ல, ஆடுகிறவர்கள். மைக்கில், நல்ல தமிழில், எதிராளியின் அம்மா அக்காவையும் சேர்த்து. 2020 செப்டம்பர் 2-இல் அரசு அதைத் தடை செய்தது. காரணம் வசவு அல்ல, நாட்டின் பாதுகாப்பு. வசவுக்கான வழக்கு 2021 ஜூனில் வந்தது: பப்ஜி ஆடியபடி ஆபாசமாகப் பேசிய யூடியூபர் ஒருவரைப் போலீஸ் தர்மபுரியில் கைது செய்தது. குண்டர் சட்டமும் பாய்ந்தது. அடுத்த மாதமே பப்ஜி வேறு பெயரில் திரும்பியது. ரத்தத்தைப் பச்சையாக்கியிருந்தார்கள். மைக் அப்படியே இருந்தது.