வெடிலும் பெடிலும்
வாய்வழி மருந்திடும் துப்பாக்கியும் அதைச் செய்த கைக்கருவிகளும்

பினாங்குத் தீவின் கார்ன்வாலிசு கோட்டைக்குச் செல்வோர், கடலை நோக்கி நிற்கும் செரி ரம்பாய் என்னும் பீரங்கியைக் காணாமல் திரும்புவதில்லை. 1603ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட டச்சுப் பீரங்கி அது. ஜொகூர் வேந்தர் கைக்கு வந்து, 1613இல் ஆச்சே நாட்டவர் வசமாகி, பின்னர்ச் சிலாங்கூர் சென்று, 1871இல் ஆங்கிலேயரால் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டது. பீரங்கிக்குப் பெயர் உண்டு, வரலாறும் உண்டு. ஆனால் அதே காலத்தில் வீரர்கள் தோளில் தாங்கிச் சுட்ட துப்பாக்கிகளை ஆக்கிய கொல்லர்க்கும் தச்சர்க்கும் வரலாற்றில் பெயர் இல்லை. அவர்களைப் பற்றி நமக்குச் சான்று கூறுபவை இரண்டு. ஒன்று அவர்கள் தொழிலோடு ஊர்சுற்றிய சொற்கள்; மற்றொன்று அவர்கள் கையாண்ட கருவிகள்.

முதலில் சொற்களைக் காண்போம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழிவழி வந்த சொல். பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்னும் பாரசீக வழக்கோடு தொடர்புடையது. மலாய் மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் செனாப்பாங், டச்சுச் சொல்லின் திரிபு. பழைய மலாய் நூல்களில் வரும் இசுதிங்கார், போர்த்துகீசியர் தந்தது. இவ்வாறு கருவியைக் கொணர்ந்தவர் பெயரையும் கொணர்ந்தனர். ஆயின் மலாய் மொழியில் வெடிக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் பழஞ்சொல் ஒன்று உண்டு. அது பெடில் என்பதாம். தமிழில் வெடியையும் வெடியோசையையும் குறிக்கும் வெடில் என்னும் சொல்லே அங்ஙனம் ஆயிற்று என்று ஆய்வாளர் கருதுவர். மலாய்க்காரர் வெடிமருந்தை உபாட் பெடில் என்பர். உபாட் என்றால் மருந்து. நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை இரு மொழியினரும் ஆண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். வாய்வழி மருந்திடும் துப்பாக்கி மூன்று உறுப்புகளால் ஆனது. நீண்ட இரும்புக் குழல் ஒன்று. மருந்தைப் பற்றவைக்கும் விசைப்பொறி மற்றொன்று. இரண்டையும் தாங்கும் மரக்கட்டை மூன்றாவது. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, நீண்ட கோலால் இறுக்குவர். அடிப்பக்கத்துச் சிறு துளை வழியே தீ உட்புகும். மூன்று உறுப்புக்கும் மூன்று வகைத் திறன் வேண்டும். குழலுக்கு உலை வேலை, பொறிக்கு அரவேலை, கட்டைக்குத் தச்சு வேலை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இவற்றைத் தனித்தனித் தொழிலாளர் செய்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைப்புறங்களில் ஒருவரே மூன்றையும் செய்ததும் உண்டு.

குழல் வேலைக்கு உரியவை துருத்தி, அடைகல், சம்மட்டி, சுத்தியல், குறடு ஆகியவையே. ஏர்க்கொழு அடிக்கும் ஊர்க்கொல்லனிடம் இவையாவும் இருந்தன. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் மினங்கபாவு நாட்டார் இத்தொழிலில் பேர்பெற்றவர். வில்லியம் மார்சுடன் என்பார் 1783இல் வெளியிட்ட சுமத்திரா வரலாற்றில் அவர்தம் முறையை விளக்கியுள்ளார். தட்டையான இரும்புப் பட்டையை உருண்டைக் கோல் ஒன்றின்மேல் திருகு சுற்றாகச் சுற்றி, விளிம்புகள் ஒன்றும்வரை அடித்துக் குழலாக்கினர். நீளவாட்டில் மடித்து ஒட்டுவதினும் இம்முறை வலிமை மிக்கது என்பது மார்சுடன் கருத்து. காரணம் விளங்கக் கூடியதே. மருந்து வெடிக்கும்போது குழலின் சுவர் பக்கவாட்டில் பிளக்க முற்படும். ஒட்டு நேர்க்கோடாக இருப்பின் முழு விசையும் அதன்மேல் விழும். திருகாக இருப்பின் பங்கிடப்படும். ஏட்டுக் கணக்கு அறியாத கொல்லன் இதனைக் கையறிவால் கண்டான்.

பயிலத் தொடங்குவோன் முதலில் கற்கவேண்டிய கருவி அரம். விசைப்பொறியின் உறுப்புகள் உலையில் தோராயமாகவே உருப்பெறும். அவற்றை ஒன்றோடொன்று இசைப்பது அரமே. தட்டையரம், அரைவட்ட அரம், முக்கோண அரம், எலிவால் அரம் எனப் பல வகை வேண்டும். அரம் முன்னே தள்ளும்போதே அராவும். பின்வாங்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். ஓர் இரும்புத் துண்டைச் சற்றும் குவியாமல் சமதளமாக அராவப் பழகுவதற்கே பொறுமை மிக வேண்டும். வில்லைச் செய்வது இன்னும் நுண்மையானது. எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்த்தால் அது கடினமாகும். ஆயினும் கண்ணாடிபோல் உடையும். மீண்டும் மெல்லச் சூடேற்றி, நீலநிறம் படரும் பதத்தில் நிறுத்தினால்தான் வளைந்து நிமிரும். வெப்பமானி இல்லாத பட்டறையில் நிறமே அளவுகோல்.

கட்டைக்கு வேண்டியவை மரவாள், இழைப்புளி, பலவகை உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், கவராயம். குழலும் பொறியும் மரத்துள் இடைவெளியின்றிப் பதியவேண்டும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் குழல் பின்னே உதைத்து மரத்தைப் பிளக்கும். இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். இரும்புறுப்பின்மேல் விளக்குக்கரி பூசி மரத்தில் வைத்து அழுத்துவர். எடுத்துப் பார்த்தால் முட்டுமிடத்தில் கரி ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் மெல்லிய சீவல் எடுப்பர். மீண்டும் பூசி, மீண்டும் அழுத்தி, மீண்டும் சீவுவர். மரம் தன் குறையைத் தானே காட்டும் வித்தை இது.

சுரிகுழல் துப்பாக்கிக்கு மேலும் ஒரு வேலை உண்டு. குழலின் உட்புறத்தே திருகு பள்ளங்கள் வெட்டினால், குண்டு சுழன்று சென்று குறி தவறாது. திருகு வரி வெட்டிய மரக்கட்டை ஒன்றே வழிகாட்டி. கோலின் நுனியில் பதித்த சிறு எஃகுப் பல்லே வெட்டுக்கருவி. ஒவ்வொரு இழுப்பிலும் நூலளவினும் குறைவாகவே அது சுரண்டும். ரப்பர் மரத்தில் சரிவாகப் பட்டை சீவிப் பழகிய கைக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஆழம் மிஞ்சினால் இரண்டும் கெடும். அமெரிக்காவின் வில்லியம்சுபர்க் நகரில் வாலசு கசுலர் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டுக் கைக்கருவிகளைக் கொண்டே ஒரு சுரிகுழல் துப்பாக்கியை முழுமையாகச் செய்துகாட்டினார். அதனை விளக்கும் படம் 1969இல் வெளிவந்தது.

தமிழகத்தில் இத்தொழில் ஏன் வளரவில்லை என்னும் வினா எழலாம். கருவி இல்லாமையோ திறன் இல்லாமையோ காரணமன்று. பாளையக்காரர் படைகளில் ஈட்டிகளோடு திரித்துப்பாக்கிகளும் இருந்தன. கட்டபொம்மன் 1799இலும் மருது சகோதரர் 1801இலும் தூக்கிலிடப்பட்டனர். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டுத் தென்பாளையங்களில் படைக்கலம் தாங்குவதைத் தடைசெய்தார். பின்னர் 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமமுறையை விதித்தது. சுடுவோன் இல்லாத ஊரில் செய்வோனுக்கு வேலை ஏது? தந்தையின் வித்தை மகனுக்குச் செல்லும் வழி அடைபட்டது. மேல்நாட்டு ஆலைப் பொருள் அதனை முழுதும் மூடிற்று.

அத்தடையின் மறுமுனை பினாங்கில்தான் உள்ளது. 1802இல் பாளையக்காரர் தரப்பினர் எழுபதுக்கும் மேற்பட்டோர் இத்தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவருள் சின்ன மருதுவின் மகன் துரைசாமி இளைஞர். மருது சகோதரரோடு முன்பு நட்புக் கொண்டிருந்த படைத்தலைவர் வெல்சு, 1818இல் பினாங்கில் அவரைக் கண்டபோது, தளர்ந்து முதியவர்போல் இருந்ததாகத் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். நாடு இழந்தவரைப் பற்றி ஒரு வரியேனும் எஞ்சிற்று. தொழில் இழந்த கொல்லரைப் பற்றி அதுவும் இல்லை.

ஆயினும் அடைகல், குறடு, துருத்தி, அரம், துறப்பணம், கொட்டாப்புளி ஆகிய சொற்கள் இன்னும் அழிந்தில. போர்க்கருவி செய்த கையும் ஏர்க்கருவி செய்த கையும் ஒன்றே. இரண்டுக்கும் உதவிய கருவிகளும் இவையே. இச்சொற்களை அகராதியில் மட்டும் காண்பது போதாது. தமிழாசிரியர் தம் மாணவரை முதிய தச்சர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்துப் பெயர் கேட்டு எழுதச் செய்வாராயின், வெடில் பெடிலாகிக் கடல் கடந்து வாழ்வதுபோல், அப்பெயர்களும் இன்னொரு தலைமுறை வாழும்.