பேராக் தோட்டப் பிள்ளைகளும் உயர்கல்வி உபகாரச் சம்பளமும்

படிப்பில் முன்னிற்கும் மாணவரின் கல்விச் செலவை அரசோ ஓர் அமைப்போ ஏற்றுக்கொள்ளும் முறையை மலாயாத் தமிழர் உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். இம்முறை, தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளை எட்டுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1885-இல் அரசியார் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. அதனை 1896-இல் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற பினாங்கு மாணவர் ஊ லியன் தே, மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்று, 1937-க்குப் பின் ஈப்போவில் மருத்துவராகத் தொழில் புரிந்தார். ஆங்கிலப் பள்ளியே இத்தகைய உதவியின் நுழைவாயிலாக இருந்தது. ஈப்போவில் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1909-இல் ஆண்டர்சன் பள்ளியும், 1912-இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் தோன்றியதால், நகரத்து எழுத்தர், வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் ஓரளவு திறந்தது. நகரிலிருந்து சில மைல் தொலைவில் லயத்து வீடுகளில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது திறக்கவே இல்லை.

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றலாகப் பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததே ஒழியப் படிப்பைத் தந்ததாகச் சொல்ல இயலாது. பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியே ஆசிரியராகவும் இருந்தார். விடியுமுன் பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்குச் சென்றுவிடும் பெற்றோருக்காகத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்ட மூத்த பிள்ளை, வகுப்புக்கு வந்தாலும் களைத்தே வந்தது. தொடக்க வகுப்புகளோடு தமிழ்வழிப் படிப்பு முடிந்துவிட்டபடியால், அதற்கு மேல் செல்ல விரும்பியவர் வேறு மொழியில், பெரும்பாலும் வேறு ஊரில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே தோட்டத்திலிருந்து உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பம் எழாமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று. விண்ணப்பிக்கும் நிலை வரை பிள்ளையைக் கொண்டுசேர்க்கும் பாதையே அமைக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு நிதியின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளை வரவழைக்கும் செலவுக்காக 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. முதலாளிகள், தாம் வேலைக்கு வைத்திருந்த ஆட்களின் கணக்குப்படி அதற்குத் தொகை செலுத்தினர். உதவியுடன் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தபின் அந்நிதியின் முதல் நோக்கம் அற்றுப்போயிற்று. எஞ்சிய பணம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறி, தொழிலாளர் நலனுக்கும் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் உரியதாக்கப்பட்டது. பாட்டன் பாட்டியரைக் கப்பலேற்றிய பணத்தின் மிச்சம் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு உரியதாயிற்று என்பது பொருத்தமான முடிவே. ஆயினும் 1999-இல் அந்நிதி சட்டத்தின் வழி கலைக்கப்பட்டது. தோட்டங்கள் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் மாறி, குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், தொழிலாளருக்கென்றே இருந்த ஒரு நிதி மறைந்தது பேரிழப்பாகும்.

அரசு நிதி இவ்வாறிருக்க, மக்கள் தாமே திரட்டிய பணத்திற்கும் நீண்ட வரலாறு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை தோன்றியபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் இயக்கத்தின் வழி, தலைக்கு ஒரு வெள்ளி என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தைக் கண்ணால் கண்டிராத பால்மரத் தொழிலாளரும் அதற்குக் கொடுத்தனர். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற துன் வீ.தி. சம்பந்தன், 1954-இல் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழக் காரணமாயிருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நெருக்கடியில் 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதோடு, உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கும் துணைநின்றது.

உதவிநிதி அலுவலகம் எதுவாயினும், அதன் மேசைக்கு வரும் தாள்களிலேயே தோட்ட வாழ்வின் இடர் தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமையைக் காட்டும் நீல அடையாள அட்டை, பெற்றோரின் வருமானச் சான்று ஆகிய மூன்றும் இன்றி விண்ணப்பம் நகராது. சிவப்பு அட்டை வைத்திருந்தவர் நிரந்தர வசிப்பிட உரிமை மட்டுமே பெற்றவர்; பதியப்படாத பிறப்போ தலைமுறைகளுக்குத் தொடரும் சிக்கல். மழை பெய்தால் பால்வெட்டு நின்று நாட்கூலியும் நின்றுவிடும் குடும்பத்தின் மாத வருமானத்தை ஓர் எண்ணாக எழுதித் தருவதும் எளிதன்று.

1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தபின் பல்கலைக்கழக இடத்திற்கும் அரசு உதவிக்கும் போட்டி கடுமையாயிற்று. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பணத்திற்கு முன் பயிற்சி வேண்டும் என்று கண்டு, இடைநிலைப்பள்ளி மாணவருக்கு வகுப்புகள் நடத்தியது. 1984-இல் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) அமைத்த எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி அமைப்பு கல்விக் கடனும் உதவியும் வழங்கியது. 1997-இல் வந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கடனைப் பரவலாக்கியது. ஆனால் கடன் திருப்பிச் செலுத்த வேண்டியது, உபகாரச் சம்பளம் அவ்வாறன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. இம்முயற்சிகளுள் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வழியே மிகவும் ஆழமானது எனலாம். ஏனெனில் அதுவே விண்ணப்பம் வருமென்று காத்திராமல் மாணவரைத் தேடிச் சென்றது.

இன்று மலேசியாவில் மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேராக். பல்கலைக்கழகங்களோ தஞ்சோங் மாலிமிலும் கம்பாரிலும் துரோனோவிலும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றின் உதவிநிதி அலுவலகங்களுக்குத் தலைமையேற்போர், வந்த விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்துவதோடு நின்றுவிடாமல், புகுமுக வகுப்பிலும் ஐந்தாம் படிவத்திலும் இருக்கும் பழைய தோட்டங்களின் பிள்ளைகளை ஆண்டுதோறும் நேரில் சென்று சந்தித்து, அவர்களின் ஆவணங்களைப் பள்ளிப்படிப்பு முடியும் முன்பே சரிசெய்துதர முன்வர வேண்டும்.